லேப்வியூவில் வெப்கேம் படம் பிடித்துச் சேமிப்பது: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

நூறு படம் சேமித்தாயிற்று என்று ஃபோல்டரைத் திறந்தால் நூறும் ஒரே படம். அல்லது முதல் படம் மட்டும் கன்னங்கரேல். அல்லது நேற்று வரை ஒழுங்காக ஓடிய புரோகிராம், கேமரா ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி இன்று நின்றுவிடுகிறது. லேப்வியூவில் வெப்கேமைக் கட்டி வேலை தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே இந்த மூன்றில் ஒன்றையாவது சந்தித்துவிடுவார்கள். மூன்றுக்கும் காரணம் தனித்தனி. கேமரா கெட்டுப்போனதுதான் காரணம் என்பது அபூர்வம்; கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

லேப்வியூ, அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்து நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (என்ஐ) நிறுவனம் 1986-இல் மேக்கின்டோஷ் கணினிக்காக வெளியிட்ட மென்பொருள். 2023-இல் அந்த நிறுவனத்தை எமர்சன் வாங்கிவிட்டது. வரிவரியாக நிரல் எழுதுவதற்குப் பதில், செயல்களைப் பெட்டிகளாக வைத்து வயரால் இணைப்பதுதான் இதன் பாணி. எண்களையும் எழுத்துகளையும் கையாளும்வரை அந்த வயர் நல்ல பிள்ளை. படம் என்று வந்ததும் குழப்புவதும் அதே வயர்தான். அதைத் தனியாகப் பார்ப்போம்.

எதெல்லாம் நிறுவியிருக்க வேண்டும்

லேப்வியூ மட்டும் இருந்தால் வெப்கேம் தெரியாது. விஷன் அக்விசிஷன் சாஃப்ட்வேர் என்ற தொகுப்பும் வேண்டும். அதற்குள் இருக்கும் ஐமாக்-டிஎக்ஸ் என்ற டிரைவர்தான் யூஎஸ்பி வெப்கேமோடு பேசுகிறது. விஷன் டெவலப்மென்ட் மாட்யூல் என்று இன்னொன்று உண்டு. அது படத்தில் விளிம்பு தேடுவது, எழுத்துப் படிப்பது, எண்ணுவது போன்ற ஆய்வு வேலைகளுக்கு. படம் பிடித்துச் சேமிக்க அது வேண்டியதில்லை. வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பல ஜிபி இறக்குபவர்கள் நிறைய.

நிறுவும் வரிசை முக்கியம்: முதலில் லேப்வியூ, பிறகு விஷன் அக்விசிஷன். இரண்டாவதை நிறுவியபின் லேப்வியூவின் புதிய பதிப்பைப் போட்டால், புதிய பதிப்பின் பேலட்டில் (பெட்டிகளை எடுக்கும் பட்டியல்) 'விஷன் அண்ட் மோஷன்' பகுதியில் கேமரா பெட்டிகளே இருக்காது. விஷன் அக்விசிஷனை மறுபடி ஓட்டினால் வந்துவிடும். பதிப்பு ஆண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு விஷன் பதிப்பும் தன் காலத்து லேப்வியூவையும் அதற்கு முந்தைய சில பதிப்புகளையும் மட்டுமே ஆதரிக்கும். 2020-இல் வந்த கம்யூனிட்டி எடிஷன் சொந்தக் கற்றலுக்கு இலவசம்தான். ஆனால் விஷன் அக்விசிஷனுக்கான உரிமம் தனிக் கணக்கு. சோதனைக் காலம் முடிந்ததும் உரிமம் கேட்டு நிற்கும் புரோகிராமைப் பழுது என்று நினைத்துக் கலைத்துப் போட வேண்டாம்.

லேப்வியூவைத் திறப்பதற்கு முன்

பழுது பார்ப்பதில் ஒரே நல்ல பழக்கம், கீழிருந்து மேலே வருவது. முதலில் விண்டோஸ், பிறகு மேக்ஸ் (கணினியோடு இணைந்த கருவிகளைச் சோதிக்கும் என்ஐ மென்பொருள்), பிறகு லேப்வியூவோடு வரும் எடுத்துக்காட்டு, கடைசியில்தான் உங்கள் புரோகிராம். எந்தப் படியில் படம் நிற்கிறதோ அங்கேதான் பழுது. இதைச் செய்யாமல் பிளாக் டயகிராமில் (பெட்டிகளையும் வயர்களையும் வரையும் பக்கம்) பெட்டிகளை மாற்றி மாற்றிப் போடுவது நேர விரயம்.

விண்டோஸில் கேமரா செயலியைத் திறங்கள். படம் வந்தாலும் வராவிட்டாலும் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் கேமரா பகுதிக்குப் போங்கள். அங்கே டெஸ்க்டாப் செயலிகளுக்கு கேமரா அனுமதி என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும். ஸ்டோரிலிருந்து வந்த செயலிகளுக்கான அனுமதி வேறு, இது வேறு. லேப்வியூ டெஸ்க்டாப் செயலி. இந்த சுவிட்ச் அணைந்திருந்தால் கேமரா செயலியில் படம் வரும், லேப்வியூவில் வராது.

படம் வந்தால் கேமரா செயலியை மூடிவிடுங்கள். மினிமைஸ் செய்தால் போதாது. வெப்கேமைப் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் பிடித்துவைத்திருக்க முடியும். ஜூம், டீம்ஸ், பிரவுசரில் திறந்து கிடக்கும் வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்து மேக்ஸ், அதாவது மெஷர்மென்ட் அண்ட் ஆட்டோமேஷன் எக்ஸ்ப்ளோரர். இடப்பக்க மரத்தில் 'டிவைசஸ் அண்ட் இன்டர்ஃபேசஸ்' கீழே உங்கள் வெப்கேம் 'கேம்0' என்பது போன்ற பெயரில் இருக்கும். அதைத் தேர்ந்து மேலே உள்ள 'ஸ்னாப்' பட்டனை அழுத்தினால் ஒரு படம், 'கிராப்' அழுத்தினால் ஓடும் படம். இங்கே வந்துவிட்டால் கேமரா, டிரைவர், கேபிள் மூன்றும் சரி. மீதி எல்லாம் உங்கள் டயகிராமின் பொறுப்பு. 'கிராப்'பை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். ஓடவிட்டு லேப்வியூவுக்குப் போனால், கேமராவைப் பிடித்துவைத்திருப்பது மேக்ஸ்தான்.

மேக்ஸில் இருக்கும்போதே வீடியோ மோடையும் பார்த்துவிடுங்கள். 640×480 அளவில் விநாடிக்கு 30 படம் என்றும், 1280×720 அளவில் 10 படம்தான் என்றும் பட்டியல் சொல்லும். கேமரா மட்டமானது என்று அர்த்தமில்லை; கணக்கு அப்படி. ஒய்யுஒய்2 என்ற சுருக்காத வடிவத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட். 640×480 படம் 30 முறை என்றால் விநாடிக்கு 18.4 எம்பி. யூஎஸ்பி 2.0-இல் இப்படி நேரம் தவறாமல் வர வேண்டிய தரவுக்கு ஒரு பாதையில் கிடைக்கும் உச்சம் விநாடிக்கு சுமார் 24.5 எம்பி. 1280×720 படம் ஒன்றே 1.8 எம்பி, 13 படத்துக்கு மேல் போக வழியில்லை, அதனால் 10-இல் நிறுத்திவிடுகிறார்கள். 1920×1080 என்றால் 5. பெரிய படம் 30 வேகத்தில் வேண்டுமென்றால் எம்ஜேபெக் மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கேமராவே ஒவ்வொரு படத்தையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது. அளவீட்டு வேலைக்கு இது ஒரு சமரசம்: கேமராவிலேயே சுருங்கி இழந்த விவரத்தை நீங்கள் பிறகு பிஎன்ஜியாகச் சேமித்து மீட்க முடியாது.

இரண்டு வெப்கேமை ஒரே ஹப்பில் செருகி, முதலாவது ஓட இரண்டாவது தகராறு செய்தால் காரணம் இதே கணக்குதான். இன்னொன்றைக் கணினியின் வேறு யூஎஸ்பி கன்ட்ரோலரில் செருகுங்கள், அல்லது இரண்டின் வேகத்தையும் குறையுங்கள். மாற்றியதை மேக்ஸில் 'சேவ்' கொடுக்காமல் வந்தால் லேப்வியூவுக்கு அது தெரியாது.

முதல் டயகிராம்

இதைவிடச் சின்னதாக ஆரம்பிக்காதீர்கள், பெரிதாகவும் ஆரம்பிக்காதீர்கள்.

1. 'ஓப்பன் கேமரா' பெட்டியை வையுங்கள். செஷன் (கேமராவோடு உள்ள இணைப்பு) நுழையும் முனையில் ரைட் கிளிக் செய்து ஒரு கன்ட்ரோலை உருவாக்கினால் ஃப்ரண்ட் பேனலில் (பட்டனும் டிஸ்ப்ளேயும் இருக்கும் பக்கம்) கேமராக்களின் பட்டியல் கிடைக்கும்.

2. அதன் வலப்பக்கம் 'கன்ஃபிகர் கிராப்'. செஷன் வயர், பிழைத் தகவலைக் கொண்டுபோகும் எரர் வயர் இரண்டையும் இணையுங்கள்.

3. 'ஐமாக் கிரியேட்' (படத்துக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கும் பெட்டி) ஒன்று, அடுத்த படியில் வரும் லூப்புக்கு வெளியே. பெயருக்கு ஒரு சரம், இமேஜ் டைப்புக்கு ஆர்ஜிபி யூ32. டைப்பை விட்டுவிட்டால் அது 8 பிட் சாம்பல் படமாக எடுத்துக்கொள்ளும். எது வேண்டும் என்று நீங்களே எழுதிவிடுவது நல்லது.

4. ஒரு வைல் லூப், அதாவது நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் சட்டம். உள்ளே 'கிராப்'. அதற்குச் செஷன், மூன்றாம் படியின் இமேஜ், எரர் மூன்றும் போக வேண்டும். எரர் வயரை ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கடத்துவது) கொண்டுபோங்கள். லூப்பில் 'வெயிட்' தேவையில்லை. அடுத்த ஃப்ரேம் வரும்வரை 'கிராப்'பே காத்திருக்கும்.

5. ஃப்ரண்ட் பேனலில் விஷன் பகுதியிலிருந்து 'இமேஜ் டிஸ்ப்ளே' எடுத்து, 'கிராப்'பின் இமேஜ் வெளிமுனையில் இணையுங்கள்.

6. 'சேமி' என்று ஒரு பட்டன், அது அழுந்தியதா என்று பார்த்து ஓடும் ஒரு கேஸ் ஸ்ட்ரக்சர். 'ட்ரூ' பக்கத்தில் 'ஐமாக் ரைட் ஃபைல் 2'. இமேஜ் வயரும் எரர் வயரும் 'கிராப்'பிலிருந்துதான் வர வேண்டும்.

7. நிறுத்தும் பட்டனும் எரர் வயரின் நிலையும் ஒரு 'ஆர்' (இரண்டில் ஒன்று இருந்தாலே போதும் என்னும் பெட்டி) வழியாக லூப் நிறுத்தத்துக்கு. எரர் வந்தும் நிற்காத லூப் முழு வேகத்தில் வெட்டியாகச் சுற்றும். மின்விசிறி இரைச்சல் கேட்டால் இதைச் சந்தேகப்படுங்கள்.

8. லூப்புக்கு வெளியே 'குளோஸ் கேமரா', அடுத்து 'ஐமாக் டிஸ்போஸ்', கடைசியில் 'சிம்பிள் எரர் ஹேண்ட்லர்'.

ஓடவிட்டு, நிறுத்துவதற்கு நீங்கள் வைத்த பட்டனை மட்டுமே அழுத்துங்கள். டூல்பாரில் இருக்கும் சிவப்பு வட்டம் 'அபார்ட்'. அதை அழுத்தினால் எட்டாம் படி நடக்கவே நடக்காது. கேமராவை மூடாமல் புரோகிராம் செத்துப்போகும். சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் அடுத்த முறை ஓட்டும்போது கேமரா பயன்பாட்டில் என்று வரும். அப்போது லேப்வியூவை முழுதாக மூடித் திறப்பதே சுருக்கு வழி.

'சேமி' பட்டனின் மெக்கானிக்கல் ஆக்ஷனையும் கவனியுங்கள். 'சுவிட்ச்' வகையில் விட்டால், அழுத்திய பட்டன் அழுந்தியபடியே நிற்கும். விநாடிக்கு 30 ஃபைல் விழும். ரைட் கிளிக் செய்து 'லாட்ச் வென் ரிலீஸ்டு' வையுங்கள். ஒரு அழுத்தத்துக்கு ஒரு படம். லாட்ச் வைத்த பட்டனுக்கு லோக்கல் வேரியபிள் போட முடியாது, ரன் அம்பு உடைந்துவிடும். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

வயரில் போவது படம் அல்ல

எண் போகும் வயரை இரண்டாகப் பிரித்தால் இரண்டு கிளையிலும் தனித்தனி எண். ஒன்றில் கூட்டினால் மற்றதற்குத் தெரியாது. இமேஜ் வயர் அப்படியில்லை. அதில் போவது முகவரி மட்டும். படம் நினைவகத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயரைப் பத்தாகப் பிரித்தாலும் பத்துக் கிளையும் ஒரே வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

நூறும் ஒரே படமாக வருவதற்கு இதுதான் காரணம். லூப்பின் ஓரத்தில் இமேஜ் வயரை ஆட்டோ-இண்டெக்ஸிங்கில் (சுற்றுக்கொரு மதிப்பாகச் சேர்ப்பது) விட்டு, பத்துச் சுற்றுக்குப் பத்துப் படம் கொண்ட அரே (மதிப்புகளின் வரிசை) கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். அரே கிடைக்கும், பத்து உறுப்பும் இருக்கும். ஆனால் பத்தும் ஒரே முகவரி. ஒவ்வொரு சுற்றிலும் 'கிராப்' பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதுகிறது. கடைசியில் அந்த வீட்டில் இருப்பது பத்தாவது படம் மட்டும். பிறகு அரேயை லூப்பில் விட்டுச் சேமித்தால் பத்தாவது படம் பத்து ஃபைலில் விழுகிறது.

சரிசெய்ய, படம் பிடிக்கும் முன்பே ஒரு ஃபார் லூப்பில் பத்து முறை 'ஐமாக் கிரியேட்' போடுங்கள். ஒவ்வொரு முறையும் பெயர் மாற வேண்டும். லூப்பின் 'ஐ' எண்ணை, அதாவது எத்தனையாவது சுற்று என்பதைப் பெயரோடு ஒட்டினால் போதும். பெயரை மாற்றாமல் பத்து முறை போட்டாலும் அது பழைய இடத்தையே திருப்பிக் கொடுக்கும், ஏனென்றால் லேப்வியூ படத்தை அடையாளம் காண்பது பெயரை வைத்து. இந்தப் பத்து முகவரிகளின் அரேயைப் படம்பிடிக்கும் லூப்புக்குள் ஆட்டோ-இண்டெக்ஸில் கொடுத்தால், ஒவ்வொரு சுற்றும் தன் வீட்டில் தன் படத்தை வைக்கும்.

அதற்காக, லூப்புக்குள் சுற்றுக்கொரு புதுப் பெயரில் 'கிரியேட்' போட்டுக்கொண்டே போகவும் கூடாது. 1920×1080 ஆர்ஜிபி படம் நினைவகத்தில் பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 8.3 எம்பி. விநாடிக்கு 30 என்றால் 249 எம்பி. 32 பிட் லேப்வியூவுக்குக் கிடைக்கும் அதிகபட்ச 4 ஜிபியை 17 விநாடியில் தின்றுவிடும். உருவாக்கிய படங்களை 'டிஸ்போஸ்' செய்யாவிட்டால், புரோகிராம் நின்ற பிறகும் லேப்வியூவை மூடும்வரை அவை இருக்கும். 'டிஸ்போஸ்' பெட்டியில் எல்லாப் படங்களையும் அழி என்றொரு முனை உண்டு. அதை ஆன் செய்தால் அதே நேரத்தில் ஓடும் வேறு விஐக்களின் (லேப்வியூ புரோகிராம்களின்) படங்களும் போய்விடும்.

முகவரி என்பதால் வரும் இன்னொரு வினோதம்: நிறுத்தியதும் ஃப்ரண்ட் பேனலில் கடைசிப் படம் மறைந்துபோவது. டிஸ்ப்ளேயும் முகவரியைத்தான் வைத்திருந்தது. 'டிஸ்போஸ்' அந்த வீட்டையே இடித்துவிட்டது. டிஸ்ப்ளேயில் ரைட் கிளிக் செய்து 'ஸ்னாப்ஷாட்' தேர்ந்தெடுத்தால் தனக்கென ஒரு நகல் வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கறுப்பு வெள்ளையாக்கும் வேலை. மேல் கிளையில் மூலப் படத்தைச் சேமிக்கிறீர்கள், கீழ் கிளையில் 'திரெஷோல்ட்' (ஒரு வரம்புக்குள் உள்ள பிக்சலை 1, மற்றதை 0 ஆக்குவது) போடுகிறீர்கள். சேமித்த படம் ஒருமுறை மூலமாகவும் ஒருமுறை திரெஷோல்ட் செய்ததாகவும் வரும். இரண்டு கிளைக்கும் ஒரே படம். எது முதலில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எது முந்துகிறதோ அது. வயரால் இணைக்காத இரண்டு பெட்டிகளுக்கு லேப்வியூவில் வரிசை கிடையாது. இடப்பக்கம் வரைந்ததால் முதலில் ஓடும் என்று நம்ப வேண்டாம். 'ஐமாக் காப்பி' போட்டு இன்னொரு இமேஜில் நகல் எடுத்து, ஆய்வை அதில் செய்யுங்கள். அல்லது ஆய்வுப் பெட்டியின் 'இமேஜ் டிஎஸ்டி' (விளைவு எழுதப்படும் படம்) முனைக்கு வேறொரு இமேஜைக் கொடுங்கள். வரிசையை எரர் வயரால் கட்டுங்கள்.

திரெஷோல்ட் செய்த படத்தைச் சேமித்தால் முழுக் கறுப்பாகத் தெரியும் என்பதும் அடிக்கடி வரும் புகார். உண்மையில் படம் இருக்கிறது. திரெஷோல்ட் தரும் மதிப்புகள் 0, 1 இரண்டுதான். லேப்வியூவின் டிஸ்ப்ளேயில் பைனரி பேலட் வைத்தால் 1 என்பது சிவப்பாகத் தெரியும். ஆனால் 0 முதல் 255 வரை அளக்கும் போட்டோ வியூவருக்கு 1 கறுப்புதான். 'ரீப்ளேஸ் வேல்யூ' முனையில் 1-க்குப் பதில் 255 கொடுங்கள்.

படத்தின் மேல் வரைந்த கட்டம், எழுத்து ஃபைலில் வரவில்லை என்றால், அவை ஓவர்லே என்ற தனி அடுக்கு. சேமிக்கும் முன் 'ஐமாக் மெர்ஜ் ஓவர்லே' போட்டால் பிக்சலோடு கலந்துவிடும். மூலப் படம் பிறகு தேவையென்றால் இங்கும் முதலில் காப்பி.

ஃபைல் பெயரும் ஃபோல்டரும்

'ரைட் ஃபைல் 2' பெட்டியின் அடியில் ஒரு தேர்வுப் பட்டி இருக்கும்: பிஎம்பி, ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் என்று. எந்த வடிவில் எழுதுவது என்பதை முடிவுசெய்வது அந்தப் பட்டி. ஃபைல் பெயரின் முடிவில் நீங்கள் எழுதுவதற்கு அதில் பங்கில்லை. பட்டியில் பிஎம்பி, பெயரில் ஜேபெக் என்று இருந்தால் உள்ளே பிஎம்பி, வெளியே ஜேபெக் சட்டை. சில மென்பொருள் திறக்கும், சில திறக்காது. 'கெட்டுப்போன ஃபைல்' என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? அளக்கவோ ஒப்பிடவோ போகிறீர்கள் என்றால் பிஎன்ஜி. எதையும் இழக்காது, ஆனால் சுருக்க நேரம் எடுக்கும். பார்வைக்கு மட்டும் என்றால் ஜேபெக். ஜேபெக்கின் தர எண் இங்கே 0 முதல் 1000 வரை. 100-தான் உச்சம் என்ற பழக்கத்தில் 90 என்று கொடுத்தால் கட்டம் கட்டமாக உடைந்த படம் வரும்.

ஒரே பெயரில் எழுதினால் பழைய படம் போய்விடும். நேரத்தைப் பெயராக்குவது எளிது: 'ஃபார்மேட் டேட்/டைம் ஸ்ட்ரிங்' பெட்டி. இதில் எழுத்து பெரியதா சிறியதா என்பது முக்கியம். சதவீதக் குறிக்குப் பின் சிறிய எம் மாதம், பெரிய எம் நிமிடம். இரண்டையும் மாற்றிப் போட்டால் பெயர் பார்க்கச் சரியாகவே தெரியும், வரிசைதான் கலைந்திருக்கும். பெரிய ஹெச் 24 மணிக் கணக்கு, பெரிய ஐ 12 மணிக் கணக்கு. பின்னதைப் போட்டால் காலை 9 மணிப் படத்தின் மேல் இரவு 9 மணிப் படம் விழ வாய்ப்புண்டு. விநாடிக்கு ஒன்றுக்கு மேல் சேமித்தால், சதவீதக் குறியும் 3-ம் சிறிய யூவும் சேர்த்து மில்லிவிநாடியையும் ஒட்டுங்கள். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி வைக்காதீர்கள். விண்டோஸ் ஃபைல் பெயரில் அது செல்லாது. கீழ்க்கோடு போடுங்கள்.

வரிசை எண் என்றால் பூச்சியம் நிரப்பி 00001, 00002 என்று எழுதுங்கள். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் 2-க்குப் பின் 10 என்று புத்திசாலித்தனமாக அடுக்கும்; லேப்வியூவின் 'லிஸ்ட் ஃபோல்டர்' எழுத்து வரிசையில் 10-ஐ 2-க்கு முன் கொண்டுவரும்.

'ரைட் ஃபைல்' ஃபோல்டரை உருவாக்காது. ஃபோல்டர் இல்லை என்றால் எரர்தான். லூப்புக்கு முன்பே 'கிரியேட் ஃபோல்டர்' வையுங்கள். ஏற்கெனவே இருந்தால் அது எரர் 10 தரும், அதை மட்டும் அழித்துவிட்டு மேலே போகலாம். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால் அனுமதி இல்லை; டாக்குமென்ட்ஸ் அல்லது தனி டிரைவ் போதும்.

தமிழில் கணினி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஃபோல்டருக்கு 'படங்கள்' என்று தமிழில் பெயர் வைத்தால் லேப்வியூவின் பாத் கன்ட்ரோலில் அது கேள்விக்குறிகளாக மாறும். லேப்வியூ பாத்களை யூனிகோடில் கையாள்வதில்லை. விண்டோஸின் பழைய கோட் பேஜ் முறையை நம்பியிருக்கிறது, தமிழுக்கு அப்படியொரு கோட் பேஜே கிடையாது. கேள்விக்குறி ஃபைல் பெயரில் செல்லாது என்பதால் எழுதும்போது எரர். விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்தால் டாக்குமென்ட்ஸ் பாத் முழுவதும் இந்தச் சிக்கலில் மாட்டும். டி டிரைவில் ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் வைத்துக்கொள்வதே வழி.

கறுப்புப் படமும் ஓடும் பட்டைகளும்

முதல் படம் கறுப்பாகவோ வெளிறியோ வந்தால் கேமரா இன்னும் கண் விழிக்கவில்லை. தானாக வெளிச்சம் சரிசெய்யும் வெப்கேமுக்குச் சில ஃப்ரேம் அவகாசம் வேண்டும். முதல் 20 ஃப்ரேமைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிறகு சேமியுங்கள். 'ஸ்னாப்' பெட்டியைத் தனியாகப் பயன்படுத்துபவர்களுக்கு இது எப்போதும் நடக்கும், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்னாப்பும் ஓட்டத்தைத் தொடங்கி, ஒரு படம் எடுத்து, நிறுத்துகிறது. லூப்புக்குள் ஸ்னாப் வைப்பது மெதுவானதும்கூட. 'கிராப்' ஓடிக்கொண்டிருக்கட்டும், வேண்டியபோது சேமியுங்கள்.

படம் உண்மையில் வந்ததா என்று சந்தேகமிருந்தால் சேமிக்கும் முன் 'ஐமாக் கெட் இமேஜ் சைஸ்' வைத்துப் பாருங்கள். 0×0 என்றால் காலி வீடு. 'கிராப்'புக்கு முன்பே சேமிப்பு ஓடிவிட்டது.

வெளிச்சம் மாறாமல் படங்களை ஒப்பிட வேண்டுமானால் எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் தானியங்கியிலிருந்து எடுங்கள். ஐமாக்-டிஎக்ஸ் ப்ராபர்ட்டி நோடில் முதலில் மோட் 'மேனுவல்', அதற்குப் பிறகு மதிப்பு. தலைகீழாகக் கொடுத்தால் ஏறாது. வீடியோ மோடை மாற்றுவதாக இருந்தால் 'கன்ஃபிகர் கிராப்'புக்கு முன்பே மாற்ற வேண்டும்.

படத்தில் கிடைமட்டப் பட்டைகள் மெதுவாக நகர்ந்தால் அது விளக்கின் துடிப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும். எக்ஸ்போஷர் 10 மில்லிவிநாடியின் மடங்காக இருந்தால் பட்டை வராது. வெப்கேம் டிரைவர்களின் படிகள் பெரும்பாலும் 1/32, 1/64, 1/128 விநாடி என்று பாதி பாதியாகப் போகும். 1/64 என்பது 15.6 மில்லிவிநாடி, பட்டை தெரியும். 1/32 என்பது 31 மில்லிவிநாடி, 30-க்கு அருகில், ஏறக்குறைய மறைந்துவிடும். கேமரா அமைப்பில் பவர்லைன் ஃபிரீக்வென்சி 60 என்று கிடந்தால் 50 ஆக்குங்கள். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

வெளிச்சம் குறைந்த அறையில் 30 படம் வர வேண்டிய இடத்தில் 15 வந்தால், தானியங்கி எக்ஸ்போஷர் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. புரோகிராமைத் திருத்துவதற்கு முன் ஒரு விளக்கைப் போட்டுப் பாருங்கள்.

தொடர்ந்து சேமிக்கும்போது படங்கள் விடுபட்டால்

'கிராப்'பின் வெளிமுனைகளில் பஃபர் எண் ஒன்று வரும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் 1 கூட வேண்டும். 41-க்குப் பிறகு 45 வந்தால் நடுவே மூன்று படம் போயிற்று. இந்த எண்ணைப் பார்க்காமல் 'ஏதோ மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை.

பெரும்பாலும் காரணம், படம் பிடிக்கும் லூப்பிலேயே சேமிப்பதுதான். 1920×1080 படம் பிஎம்பியில் 6.2 எம்பி, விநாடிக்கு 30 என்றால் 187 எம்பி. சுழலும் ஹார்டு டிஸ்க் தாங்காது. பிஎன்ஜி இடத்தைக் குறைக்கும், பிராசசரை வாங்கிவிடும். இரண்டு லூப்பாகப் பிரியுங்கள்: ஒன்று பிடிக்கும், இன்னொன்று எழுதும், நடுவே க்யூ (முதலில் வந்தது முதலில் போகும் வரிசை).

இங்கேயும் அதே முகவரிப் பொறி. படத்தை க்யூவில் போட்டால் போவது முகவரி. எழுதும் லூப் எடுப்பதற்குள் பிடிக்கும் லூப் அதன்மேல் அடுத்த படத்தை எழுதிவிடும். பாதி பழைய படம், பாதி புதிய படம் என்று கிழிந்த ஃபைல்கூடக் கிடைக்கும். அதனால் க்யூ இரண்டு வேண்டும். வெவ்வேறு பெயரில் 20 படங்களை முன்பே உருவாக்கி, 'காலி' என்ற க்யூவில் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். பிடிக்கும் லூப் காலி க்யூவிலிருந்து ஒன்றை எடுத்து, அதில் கிராப் செய்து, 'நிரம்பியது' என்ற க்யூவில் போடுகிறது. எழுதும் லூப் அதை எடுத்து, சேமித்து, மறுபடி காலி க்யூவில் வைக்கிறது. ஓட்டலில் தட்டு கழுவி அடுக்குவதுபோலத்தான்: இருபது தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், சாப்பிடும் தட்டில் யாரும் மறுபடி பரிமாற மாட்டார்கள். 20 தட்டுக்கு 166 எம்பி நினைவகம். காலி க்யூவின் எண்ணிக்கை போகப்போகக் குறைந்து பூச்சியத்தைத் தொட்டால் டிஸ்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. தட்டைக் கூட்டினாலும் அது தள்ளிப்போடும், தீர்க்காது. வேகத்தையோ அளவையோ குறைக்க வேண்டும்.

எரர் எண்கள்

-1074360310 வந்தால் கேமரா வேறு கையில் இருக்கிறது: மேக்ஸ், வீடியோ அழைப்பு, அபார்ட் செய்த பழைய ஓட்டம், இந்த வரிசையில் பாருங்கள். -1074360311 என்றால் அந்தப் பெயரில் கேமரா இல்லை. வெப்கேமை வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் கேம்0 என்பது கேம்1 ஆக மாறலாம்; கன்ட்ரோலில் பழைய பெயர் அப்படியே நிற்கும். -1074360293 என்பது டைம்அவுட்: கேமரா திறந்தது, படம் வரவில்லை. அலைவரிசை போதவில்லையா, ஹப்புக்குத் தனி மின்சாரம் இருக்கிறதா, 5 மீட்டருக்கு மேல் நீட்டிப்புக் கேபிள் போட்டிருக்கிறீர்களா, விண்டோஸ் மின்சேமிப்புக்காக யூஎஸ்பியைத் தூங்கவைக்கிறதா என்று பாருங்கள். எரர் 8 ஃபைல் அனுமதி, 7 பாத் தவறு.

எல்லாம் சரியாகி, எக்ஸிக்யூட்டபிளாக்கி வேறு கணினிக்குக் கொண்டுபோனால், அங்கேயும் விஷன் அக்விசிஷனின் ரன்டைமும் அதற்கான உரிமமும் வேண்டும். லேப்வியூ ரன்டைம் மட்டும் போதாது. கேமராவின் பெயரையும் டயகிராமில் நிலையாக எழுதிவைக்காதீர்கள். 'என்யூமரேட் கேமராஸ்' பெட்டியை முதலில் ஓட்டி, கிடைத்த பட்டியலிலிருந்து பயனரைத் தேர்ந்தெடுக்கவிடுங்கள். அந்தக் கணினியின் கேம்0 லேப்டாப்பின் மூடியில் இருக்கும் கேமராவாகக்கூட இருக்கலாம்.